டிபக்கர் டெஸ்ட் சும்மா சும்மா விழுகுது: ஜிசியையே நிப்பாட்டினா என்ன பிழை?

வாவிக்கரையான் (கல்லடி):
ஜாவா டிபக்கர் (ஓடுற புரோகிராம நிப்பாட்டி உள்ளுக்குப் பாக்கிற டூல்) ஒண்டுக்கு டெஸ்ட் எழுதுறம். ஜேடிஐ (டிபக்கர் எழுதப் பாவிக்கிற ஜாவா இன்டர்ஃபேஸ்) வழியா அங்கால ஓடுற புரோகிராமுக்குள்ள ஒரு அரே உண்டாக்கி மறுகா அதுக்குள்ள வேல்யூ போட்டுப் பாக்கிற டெஸ்ட், எங்கட மெஷின்ல எப்பவும் பாஸ், ஹீப் (ஆப்ஜெக்ட் வைக்கிற மெமரி) சின்னனா இரிக்கிற சேர்வர்ல ராவைக்கு ஓடினா இடைக்கிடை ஆப்ஜெக்ட்கலெக்டட்எக்ஸெப்ஷன் எண்டு விழுகுது. அதாவது ஜிசி (ஆரும் பிடிச்சிக்கிட்டு இல்லாத ஆப்ஜெக்ட அள்ளுற கார்பேஜ் கலெக்டர்) அந்த அரேய அள்ளிட்டுது. திருப்பி ஓட்டினா பாஸ். நான் சொல்றன், எப்சிலான் ஜிசி போட்டு ஓட்டுவம். ஜேடிகே (ஜாவா டெவலப்மென்ட் கிட்) 11ல இருந்து இரிக்கி, மெமரி குடுக்கும், ஒண்டையும் அள்ளாது. எல்லாம் பச்சை.

கல்முனையான்:
பச்சைதான் வேணுமெண்டா டெஸ்ட்ட அழிச்சிருங்க தம்பி. நீங்க உண்டாக்கின அரேய அந்தப் புரோகிராம்ல ஒரு வேரியபிளும் பிடிச்சிக்கிட்டு இல்ல. உங்கட கையில இரிக்கிறது வெறும் ஐடி, அங்கால விஎம்முக்குள்ள (புரோகிராம ஓட்டுற ஜாவா மெஷின்) இருந்து டிபக்கரோட கதைக்கிற டிபக் ஏஜென்ட் அத வீக் ரெஃபரன்ஸா, ஜிசிய மறிக்காத பிடியாத்தான் வெச்சிரிக்கும். ஜிசி வந்தா அள்ளிரும், அதுட வேலையே அதுதானே. விஎம் ஓடுற நேரம் ஆப்ஜெக்ட் எப்பவும் போகலாம் எண்டு ஜேடிஐ டொக்கியுமென்ட்லயே போட்டிரிக்கி. உண்டாக்கின கையோட, இத அள்ளாத எண்டு சொல்ற டிசேபிள்கலெக்ஷன் கூப்பிடுங்க.

வாவிக்கரையான்:
காக்கா, அதே டொக்கியுமென்ட்லதான் டிசேபிள்கலெக்ஷன அளவாப் பாவி, இல்லாட்டி புரோகிராம்ட நடத்தையே மாறும் எண்டும் இரிக்கி.

கல்முனையான்:
ஓம், ஒரு அரேக்கு மாறும். எப்சிலான் போட்டா முழு ஹீப்புக்கும் மாறுதே, அது பரவாயில்லையா? ஹீப் நிரம்பினா புரோகிராமே செத்திரும். உங்கட டிபக்கரப் பாவிக்கிற ஆக்கள் ஜீ1 எண்ட ஜிசிலதான் ஓட்டுவாங்க, ஜேடிகே 9ல இருந்து டிஃபோல்ட் அதுதான். ஆரும் ஓட்டாத ஒண்டுல டெஸ்ட் பாஸாகி என்ன புண்ணியம்?

வந்தாறுமூலை:
ரெண்டு பேரும் ஒரு இடத்த விட்டுட்டீங்க. அரே உண்டாக்கிறது ஒரு கமாண்ட், டிசேபிள்கலெக்ஷன் இன்னொரு கமாண்ட், நடுவுல ஜிசி வந்தா டிசேபிள்கலெக்ஷனே அதே எக்ஸெப்ஷனத்தான் எறியும். விஎம்ம சஸ்பென்ட் பண்ணினா சரிதானே எண்டு நினைப்பீங்க, ஆனா பழைய ஜேடிகேல நிக்கிறது ஜாவா த்ரெட் மட்டும்தான், ஜிசிக்கு அது பொருட்டே இல்ல. ஜேடிகே 16லதான் திருத்தினாங்க: முழு விஎம்மும் சஸ்பென்ட்ல இரிக்கிற மட்டும் ஐடி குடுத்த எல்லாத்தையும் ஏஜென்ட் இறுக்கிப் பிடிச்சிக்கும். அதனால முதல்ல சஸ்பென்ட், பிறகு அரே, டிசேபிள், கடைசியா ரெசியூம். ஒரு த்ரெட்ட மட்டும் நிப்பாட்டுற பிரேக்பொயின்ட் எண்டா இந்தப் பாதுகாப்பு கிடையாது, அதக் கவனிங்க அண்ணா. வேலை முடிஞ்சா எனேபிள்கலெக்ஷனும் கூப்பிடணும், எத்தின தரம் டிசேபிள் பண்ணினீங்களோ அத்தின தரம்.

வாவிக்கரையான்:
எங்கட கஸ்டமர்மார் ஜேடிகே 8ல குந்திக்கிட்டு இரிக்கிற ஆக்கள் தங்கச்சி. அதுக்கு என்ன செய்யிற?

வந்தாறுமூலை:
எக்ஸெப்ஷன் வந்தா புதுசா ஒரு அரே உண்டாக்கிற மாதிரி சின்ன லூப். பாக்க அசிங்கம்தான், ஆனா ஓடும்.

கல்முனையான்:
லூப் அந்த இடத்துக்கு மட்டும். முழு டெஸ்டுக்கும் ரீட்ரை போட்டா டிபக்கர்ட உண்மையான பிழையும் அதுக்குள்ள ஒளிச்சிரும். ஹீப்பச் சின்னனாக்கி, இன்னொரு த்ரெட்ல சிஸ்டம் டொட் ஜிசிய விடாமக் கூப்பிட்டு ஓட்டுங்க, ராவைக்கு வாற பிழை பகல்லயே வரப் பாக்கும்.

வாவிக்கரையான்:
லூப் போடுறன். ஆனா 8க்கும் சேர்த்து ராவைக்கு ஓடுறது எப்சிலான்லதான், அத எடுக்க மாட்டன்.

கல்முனையான்:
8ல எப்சிலானே இல்லையே தம்பி. எந்த ஃபிளாக்கப் போடப் போறீங்க?