ரைஃபிளுக்கு வீட்டிலேயே தெளிப்புப் பூச்சு: மணற்காகிதத் தேய்ப்பு போதுமா?

கேள்வி

வணக்கம். உரிமத்தோடு என்னிடம் இருக்கும் பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் (போல்ட் என்னும் உருளையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை), கையில் பிடித்துத் தூக்கும் இடமெல்லாம் நீலப்பூச்சு தேய்ந்து வெள்ளை இரும்பு தெரிகிறது. குழல் மரக்கட்டையோடு சேரும் விளிம்பில் செந்துரு கோடு போட்டதுபோல் படிந்திருக்கிறது. எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தாலும், காற்றில் ஈரம் கூடினால் ஒரு வாரத்தில் துரு திரும்பி வந்துவிடுகிறது.

அதனால் தெளிப்புப் பூச்சு அடித்துவிடலாம் என்று எண்ணுகிறேன். ஓவனில் வைத்து இறுகச் செய்யும் வகை, அறை வெப்பத்திலேயே காய்ந்து இறுகும் வகை ஆகிய இரண்டில் எது எனக்குப் பொருந்தும்? சிறிய கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் இருக்கின்றன. மணல் வீச்சுக்கான (காற்றழுத்தத்தில் துகளை வீசி மேற்பரப்பைச் சுரண்டுவது) வசதி இல்லை. மணற்காகிதத்தால் நன்றாகத் தேய்த்துவிட்டு அடித்தால் பூச்சு நிற்குமா?

பதில் 1

மணற்காகிதம் போதாது என்பதே என் கருத்து. செராகோட் என்னும் துப்பாக்கிப் பூச்சின் ஓவன் வகை போன்றவை மிக மெல்லிய பூச்சுகள். இறுகிய பின் அவற்றின் கனம் ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய படலம் இரும்பை விடாமல் பற்றிக்கொள்ள வேண்டுமானால், மேற்பரப்பு முழுவதும் ஒரே சீரான நுண்சொரசொரப்பு இருக்க வேண்டும். 100 கிரிட் பருமனுள்ள அலுமினியம் ஆக்சைடு துகளை வீசினால் அந்தச் சொரசொரப்பு மூலைமுடுக்கெல்லாம் கிடைக்கும். கையால் தேய்த்தாலோ தட்டையான இடங்களில் கிடைத்து, ரிசீவரின் (போல்ட் ஓடும் நடு உடல்) உள்வளைவுகளிலும் குறிபார்க்கும் சைட்டின் அடிப்பகுதி ஓரங்களிலும் கிடைக்காது. பூச்சு முதலில் உரிவதும் அந்த ஓரங்களில்தான். பழைய நீலப்பூச்சு என்பது இரும்பின் மேலேயே உண்டாக்கப்பட்ட கறுப்பு ஆக்சைடு. தன்னளவில் துருவைத் தடுக்கும் திறன் அதற்குக் குறைவு, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதன் பெரிய உபயோகம். புதுப் பூச்சை ஒட்டவிடாமல் உங்களுக்கு இப்போது இடைஞ்சலாக நிற்பதும் அந்த எண்ணெய்தான்.

ஆகையால் உலோகப் பாகங்களை மட்டும் மணல் வீச்சு செய்யும் பட்டறையில், துப்பாக்கிப் பாகங்களைக் கையாள அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நீங்களே உடனிருந்து வீசச் சொல்லுங்கள். தொடர் எண்ணும் தயாரிப்பு முத்திரைகளும் உள்ள இடத்தின் மேல் டேப் ஒட்டி, அங்கு மட்டும் பிறகு கையால் லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். எண் மங்கிப்போனால் அது அழகு சம்பந்தப்பட்ட குறையாக நிற்காது, சட்டச் சிக்கலாகிவிடும். வீச்சு முடிந்த வெற்று இரும்பு காற்றுப் பட்ட சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும் என்பதால், அன்றைக்கே பூச்சையும் அடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடவே கூடாது. நைட்ரைல் கையுறை அவசியம்.

பட்டறை வசதி கிடைக்காவிட்டால் ஓவன் வகையை விட்டுவிட்டு, டப்பாவில் வரும் எபாக்சி ஸ்ப்ரேயைத் தேர்ந்தெடுங்கள். அது சற்றுக் கனமாகப் படியும், முழுதாக இறுக ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். ஆனாலும் தேய்ப்பில் நேரும் குறைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

பதில் 2

முந்தைய பதிலில் எண்ணெய் பற்றிச் சொன்னதை என் அனுபவத்திலிருந்து இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் முதல் முயற்சியில் அசிட்டோனால் மூன்று முறை கழுவி, வெள்ளைத் துணியில் கறை வராத வரை துடைத்து, பூச்சும் குறையின்றி அடித்துவிட்டேன். ஓவனில் வைத்த இருபதாவது நிமிடத்தில், சைட் பொருத்தும் திருகுத் துளையிலிருந்து தேன்நிறத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வழிந்து, ஈரப் பூச்சின் மேல் விரல் நீளத்துக்குக் கோடு கிழித்தது. குழலும் ரிசீவரும் சேரும் மரையின் இடுக்கிலும் அதேபோல் ஒரு வளையம். பல ஆண்டுகளாகப் போட்ட எண்ணெய் மரைகளுக்குள் ஒளிந்திருந்து, சூடு பட்டதும் வெளியே வந்துவிட்டது.

இரண்டாம் முறை, பூச்சு அடிப்பதற்கு முன்பே வெற்றுப் பாகங்களை 150 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடேற்றி, கசிந்ததைத் துடைத்து, மறுபடி அசிட்டோனில் ஊறவைத்து, மறுபடியும் சூடேற்றினேன். கசிவு அறவே நின்ற பிறகே மணல் வீச்சுக்கு எடுத்துச் சென்றேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். எண்ணெயோடு வீசினால் துகளே எண்ணெயை இரும்புக்குள் அடித்துவிடும்.

பதில் 3

வேலை செய்பவரின் உடல்நலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரு பகுதிகளாக வரும் பூச்சுகள் சிலவற்றின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். அது ஒருமுறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால், அதற்குப் பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா போன்ற மூச்சுத்திணறல் வரலாம். வாசனையை வைத்து எச்சரிக்கையாக இருந்துகொள்ளலாம் என்று நம்ப முடியாது, ஏனென்றால் அபாய அளவைத் தாண்டிய பிறகே பெரும்பாலும் மூக்குக்குத் தெரியும். தூசிக்கான துணி முகமூடி இதற்குப் பயன்படாது. பொருளின் பாதுகாப்புக் குறிப்பேட்டைப் படித்து, அதில் சொல்லியிருக்கும் சுவாசக் கவசத்தையே அணியுங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஐசோசயனேட் இல்லாத பொருளுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஓவன் சமையலறையில் இருப்பதாக இருக்கக் கூடாது. இந்த வேலைக்குப் பயன்பட்ட ஓவனில் பிறகு ஒருபோதும் உணவு வைக்கவும் கூடாது. தின்னர் ஆவியாகித் தீரும் முன்பே பாகங்களை உள்ளே வைத்தால் ஆவி தீப்பற்றும் ஆபத்து உண்டு. வெப்பநிலைக்கு ஓவனின் குமிழை நம்பாமல் உள்ளே தனி வெப்பமானி ஒன்றை வைத்துப் பாருங்கள். பூச்சுக்கு 121 டிகிரியில் 2 மணி நேரம் போதும், ஆனால் சில பழைய ரைஃபிள்களில் முன்சைட் ஈயப் பற்றவைப்பில் நிற்கிறது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்று 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், அதனால் ஓவன் அந்தச் சூட்டை எட்டிவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பட்டறையைத் தேடி விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: போல்ட்டுக்கும் அதே நிறத்தில் அடித்தால் பார்க்க ஒன்றுபோல் இருக்கும் அல்லவா?

பதில் 1

ஒன்றுபோல் இருக்கும், ஆனால் போல்ட் இறுகி, சரியாக ஓடாமல் போகலாம். ஒரு பக்கத்துக்கு 0.025 என்றால் போல்ட்டின் விட்டம் 0.05 மில்லிமீட்டர் கூடுகிறது. அது ஓடும் ரிசீவரின் உள்துளைக்கும் அடித்தால் அங்கும் 0.05 குறைகிறது; ஆக இடைவெளியில் 0.1 மில்லிமீட்டர் போய்விடுகிறது. போல்ட்டின் முகத்திலும், ரிசீவரோடு பூட்டிக்கொள்ளும் காதுகளிலும் பூச்சு இருந்தால், தோட்டா உட்காரும் அளவே மாறிவிடும். ஆகவே போல்ட்டின் கைப்பிடிக்கு மட்டும் அடித்து, மற்றதை அப்படியே விடுங்கள். விசைப் பாகங்கள், ஸ்பிரிங்குகள், ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஊசி), மரைகள், தோட்டா அறை, குழலின் உட்புறம் ஆகிய எதிலும் ஒரு துளியும் படக் கூடாது.

குழலின் இரு முனைகளையும் வெப்பம் தாங்கும் சிலிகான் அடைப்பான்களால் மூடுங்கள். ரைஃபிளோடு சேர்த்து ஒரு சிறு இரும்புத் தகட்டையும் அடித்து, அதே ஓவனில் வையுங்கள். மறுநாள் அசிட்டோன் தோய்த்த பஞ்சால் அந்தத் தகட்டைத் தேய்த்துப் பார்த்து, பஞ்சில் நிறம் ஏறினால் இன்னும் இறுகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். செருகிய அடைப்பான்களை எண்ணிக் குறித்து வைத்துக்கொண்டு, கூட்டுவதற்கு முன் அத்தனையும் கைக்கு வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகு, தோட்டா அறைப் பக்கமிருந்து டார்ச் அடித்துக் குழலுக்குள் முழு வட்டமாக வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.