நல்ல நுண்ணுயிரிகளும் நம் வயிறும்: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

திருநகரிலிருந்து, ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்

பணி ஓய்வுக்குப் பின் என்னைத் தொற்றிக்கொண்ட மலச்சிக்கலுக்காக, உறவினர் ஒருவர் சொன்ன புரோபயாட்டிக் கேப்சூலை, அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிரிகள் அடங்கிய கேப்சூலை, சில மாதங்கள் தொடர்ந்து எடுத்துக்கொண்டேன். இதைப் பற்றி நம் ஊரில் இரண்டு வகைப் பேச்சுதான் காதில் விழுகிறது. வயிற்றில் எது வந்தாலும் இதுவே மருந்து என்பார் ஒரு சாரார். எல்லாம் காசு பறிக்கும் வேலை என்பார் மற்றொரு சாரார். இரண்டுக்கும் நடுவில் நான் கண்டதை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் வயிறு உப்பிக்கொண்டு, வாயுத் தொல்லை முன்பைவிட மிகுந்தது. பலருக்கும் இப்படித்தான் ஆகும், சில நாட்களில் அடங்கிவிடும் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள், அடங்கவும் செய்தது. அதன் பிறகு காலையில் சற்று எளிதாக மலம் கழிந்தது என்பது உண்மைதான். ஆனால் அந்த மாற்றம், கேப்சூல் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த வாக்குறுதிகளுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடியதாக இல்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2014-இல் மலச்சிக்கல் உள்ளவர்களிடம் நடந்த 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கு வாரத்திற்குச் சராசரியாக 1.3 முறை கூடுதலாக மலம் கழிந்தது என்று கண்டார்கள். அதிலும் பிஃபிடோபாக்டீரியம் லாக்டிஸ் என்ற இனத்துக்கே பலன் தெளிவாகத் தெரிந்தது. வாரத்திற்கு ஒன்றேகால் முறை என்பது ஒன்றுமில்லாதது அல்ல, ஆனால் அதிசயமும் அல்ல. நான் வாங்கிய பெட்டியில் அந்த இனத்தின் பெயரே இல்லை.

பிறகு பெரியாஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினேன். அங்கிருந்த இளம் மருத்துவர் கேப்சூலைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. வேறு என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறேன் என்பதைத்தான் முதலில் கேட்டார். மூட்டு வலிக்காக நான் விழுங்கிவந்த கால்சியம் மாத்திரையும், இரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கட்டக்கூடியவை என்று விளக்கி, கால்சியத்தின் அளவைக் குறைத்து எழுதிக்கொடுத்தார். நாள்தோறும் ஒருமுறை போய்த்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் உடலுக்கு இல்லை என்பதையும், நாளுக்கு மூன்று முறையிலிருந்து வாரத்திற்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்பு என்பதையும், மலம் இறுகிக் கட்டி கட்டியாக வருகிறதா என்பதையே கவனிக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். காலை உணவு உண்டதும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும், ஆகவே அந்த நேரத்தில் அவசரமில்லாமல் போய் உட்காருங்கள், மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சிறு பலகை போட்டுக்கொள்ளுங்கள் என்றார். வாழைத்தண்டு, கொய்யா, கீரை, போதிய தண்ணீர், இரவில் இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டேன். கேப்சூல் தீர்ந்தபின் நான் மறுபடி வாங்கவில்லை. வாங்காததால் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை.

மேலூரிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் தாய்

ஐயா எழுதியது மலச்சிக்கலைப் பற்றி. எங்கள் வீட்டில் நடந்தது அதற்கு நேர்மாறானது. இளைய மகனுக்குக் காதில் சீழ் வைத்ததற்காகக் கொடுத்த ஆன்டிபயாட்டிக் மருந்து, காதைச் சரிசெய்த கையோடு வயிற்றைக் கெடுத்துவிட்டது. காய்ச்சலோ இரத்தமோ இல்லை. ஆனால் தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தான். குழந்தை மருத்துவர் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தையும் துத்தநாக மருந்தையும் முதலில் எழுதி, அவற்றோடு சாக்கரோமைசிஸ் பொலார்டி என்ற பொடியையும் சேர்த்தார். இது பாக்டீரியா அல்ல, ஒரு வகை ஈஸ்ட். எனவே பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் இதைத் தொடாது, இரண்டையும் ஒரே காலத்தில் கொடுக்கலாம் என்று அவர் விளக்கியபோதுதான் எனக்கு இதில் ஒரு நியாயம் இருப்பது புரிந்தது. 1920-களில் இந்தோசீனாவில் காலரா பரவியிருந்தபோது, அங்குள்ள மக்கள் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களைக் காய்ச்சிக் குடித்து வயிற்றுப்போக்கை அடக்கியதைக் கண்ட ஹென்றி பொலார்டு என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பிரித்தெடுத்தார் என்று பின்னர் படித்தேன்.

என் மாமியாருக்கு இதில் உடன்பாடில்லை. "தயிர்ச் சோறு பிசைந்து கொடுத்தால் போதாதா, பொடிக்கு ஏன் இவ்வளவு பணம்?" என்று கேட்டார்கள். தயிர்ச் சோறும் கொடுத்தோம், பொடியும் கொடுத்தோம். சில நாட்களில் கட்டுக்குள் வந்தது. ஆன்டிபயாட்டிக் முடிந்தாலே பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாக நின்றுவிடும் என்று மருத்துவரே சொல்லியிருந்ததால், பொடியால்தான் நின்றது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் பிள்ளையின் உடலில் நீர் வற்றாமல் காத்தது அந்த உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. பொடியை வாங்கிக்கொண்டு கரைசலை விட்டுவிடுகிற தாய்மார்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிம்மக்கல்லிலிருந்து, மருந்துக்கடை நடத்துபவர்

விற்கிறவன் சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கடைப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிற சில செய்திகள், வாங்குகிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லாதவை.

"நல்ல பாக்டீரியா மாத்திரை கொடுங்கள்" என்றுதான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். அது "சாப்பாடு கொடுங்கள்" என்று கேட்பது போன்றது. எந்தச் சாப்பாடு என்பதுதான் கேள்வி. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு 2001-இல் வகுத்த வரையறையின்படி, போதிய அளவில் உயிரோடு உள்ளே சென்று நன்மை செய்கிற நுண்ணுயிரிதான் புரோபயாட்டிக். உயிரோடு இருப்பது, போதிய அளவு, நன்மை என்ற மூன்றும் வேண்டும். மதுரை வெயிலில் முதலாவதுதான் முதலில் போய்விடுகிறது. லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகளில் பலவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். சித்திரை மாதத்தில் அதை வாங்கி இருசக்கர வண்டியின் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கீழவாசல் வரை போய் ஜவுளி எடுத்துக்கொண்டு மாலையில் வீடு சேர்கிறவர் விழுங்குவது பெரும்பாலும் செத்த கிருமிகளைத்தான். இப்படி வாங்குகிறவரிடம் நான் வீட்டுக்குப் போகிற வழியில் கடைசியாக வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள்.

பாசில்லஸ் கிளாசி, பாசில்லஸ் கோயகுலன்ஸ் போன்றவை வித்து வடிவில் இருப்பவை. வித்து என்பது கெட்டியான ஓடு போர்த்திய உறக்க நிலை. அறை வெப்பத்தையும் வயிற்று அமிலத்தையும் அது தாங்கும், குடலை அடைந்தபின் முளைக்கும். 5 மில்லி பிளாஸ்டிக் குப்பியில் 200 கோடி வித்துகள் என்று போட்டு வருவது இந்த வகை. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஷிரோட்டா 1930-இல் தேர்ந்தெடுத்து, 1935 முதல் புளித்த பால் பானமாக விற்பனைக்கு வந்ததோ வேறு இனம்; இந்தியாவில் அதன் 65 மில்லி புட்டியில் 650 கோடி என்று குறித்திருப்பார்கள், அதைக் குளிரில்தான் வைக்க வேண்டும். 650 என்பது 200-ஐவிடப் பெரிது என்பதால் அது மூன்று மடங்கு வலிமையானது என்று கணக்குப் போடாதீர்கள். இனம் வேறு, வேலை வேறு. அந்தப் பானத்தில் சர்க்கரை சேர்ந்திருப்பதையும் நீரிழிவுக்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கொதிக்கிற பாலிலும் சூடான கஞ்சியிலும் இந்தப் பொடியைக் கலக்கிறவர்கள் எண்ணிக்கையைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆறிய நீரோ ஆறிய பாலோ போதும். பாக்டீரியா வகையை ஆன்டிபயாட்டிக்கோடு எழுதியிருந்தால், இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மேலூர் சகோதரி எழுதிய ஈஸ்ட் வகைக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அதே ஈஸ்ட், புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர், உறுப்பு மாற்று செய்தவர், கழுத்து இரத்தநாளத்தில் குழாய் செருகிப் படுத்திருப்பவர் போன்றோரின் இரத்தத்தில் கலந்து ஆபத்தை உண்டாக்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க இரைப்பைக் குடலியல் மருத்துவர் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில், எரிச்சல் குடல் நோய் உட்படப் பெரும்பாலான வயிற்று நோய்களுக்குப் புரோபயாட்டிக்கைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் எடுப்பவருக்கு சி. டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவின் தொற்று வராமல் தடுப்பது, குறைமாதக் குழந்தைகளின் குடலழுகலைத் தடுப்பது போன்ற சிலவற்றுக்கே அவர்கள் இடம் கொடுத்தார்கள். இதைச் சொல்லியும் வாங்குகிறவர் வாங்கத்தான் செய்கிறார்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, விவசாயி

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் கடைக்குப் போவதில்லை. இரவில் நீர் ஊற்றி வைத்த கம்மஞ்சோறும் பழைய சோறும், அதனோடு சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும்தான் காலை ஆகாரம். நீராகாரத்தைக் குடித்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போகிறவனுக்கு மலச்சிக்கல் என்று நான் கேள்விப்பட்டதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் பந்தல் பந்தலாக நீர்மோர் ஊற்றுகிறோமே, அதைவிடவா ஒரு புரோபயாட்டிக்?

திருநகரிலிருந்து, மீண்டும்

உசிலம்பட்டி நண்பரின் நீராகாரத்தை நானும் விரும்பிக் குடிப்பவன்தான். அவர் சொல்கிற எண்ணம் பழையதும்கூட: பல்கேரியக் குடியானவர்களின் நீண்ட ஆயுளுக்குத் தயிரே காரணம் என்று எழுதிய இலியா மெச்னிக்கோவ், நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றவர். ஆயினும் மோரில் நுண்ணுயிரி உண்டு என்பது வேறு, இன்ன இனம் இவ்வளவு எண்ணிக்கையில் குடலை அடைந்து இன்ன பலன் தந்தது என்று சோதித்துக் காட்டுவது வேறு. வீட்டுக்கு வீடு உறைமோர் மாறும்போது அதிலுள்ள கிருமியும் மாறுகிறது. இட்லியையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மாவில் வாழ்ந்தவை இட்லிப் பானையின் ஆவியில் மடிந்துவிடும், மாவு புளித்ததால் வந்த எளிய செரிமானம் மட்டும் மிஞ்சும். காட்டு வேலையும் கம்பின் நார்ச்சத்தும் செய்கிற உதவியைப் பழைய சோற்றுக்கே முழுவதும் எழுதிவைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

தெற்குமாசி வீதிப் பக்கமிருந்து, துணிக்கடையில் வேலை பார்ப்பவர்

மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். எந்த இனம், எத்தனை கோடி என்பதற்கு முன்னால் நிற்கிற ஒன்று இங்கே பேசப்படவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு கடையில், பெண்கள் கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கூட்ட நாட்களில் சொல்லவே முடியாது. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வோம், வயிறு முட்டினாலும் அடக்கிக்கொள்வோம். அடக்க அடக்க மலம் குடலிலேயே தங்கி, அதன் நீரெல்லாம் உறிஞ்சப்பட்டு இறுகிவிடுகிறது. நாளாவட்டத்தில் அந்த உணர்வே மங்கிப்போகிறது. எங்களில் பலருக்கு மூலம் வரை போயிருக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து நானும் புரோபயாட்டிக் கேப்சூல் வாங்கிச் சாப்பிட்டேன். வயிறு உப்பியதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. நாள் முழுதும் கழிப்பறைக்கே போக முடியாதவளுக்கு எந்தக் கேப்சூல் என்ன செய்துவிடும்?

கடைகளில் நிற்கிற பணியாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. உட்கார இடம் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். நான் இப்போது இருக்கிற கடையில், கேட்டுக்கொண்டு நிற்காமல் போய்வரும் வழக்கம் உண்டு. இங்கே வந்தபின் தண்ணீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன், காலையில் வீட்டிலேயே பத்து நிமிடம் ஒதுக்கிக்கொள்கிறேன். கேப்சூல் இல்லாமலேயே சரியாகிவிட்டது. ஒரே ஒரு தோழிக்கு மட்டும் சரியாகவில்லை. மலத்தில் இரத்தமும் கலந்து வருகிறது, மூலம்தான் என்று சொல்லிக்கொண்டு புதிதாக ஒரு கேப்சூலைத் தொடங்கியிருக்கிறாள். அவளை என்ன செய்யச் சொல்வது?

சிம்மக்கல்லிலிருந்து, மீண்டும்

அம்மா, உங்கள் தோழியை மருந்துக்கடைக்கு அனுப்பாதீர்கள், நாளையே மருத்துவரிடம் அனுப்புங்கள். மலத்தில் இரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, இரத்தசோகை தெரிந்தாலோ, நடுவயதுக்குப் பின் மலம் கழியும் பழக்கம் திடீரென மாறினாலோ, அதைப் புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்து நாள் கடத்தக்கூடாது. மூலமாகவே இருக்கலாம், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். பெரியாஸ்பத்திரியில் காலையில் வெளிநோயாளர் சீட்டுப் போட்டுவிட்டால் அன்றைக்கே பார்த்துவிடுவார்கள். போகும்போது அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும், அந்தக் கேப்சூல் பெட்டி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.