பிறந்ததும் அழாத குழந்தைக்கு சிபி: பிரசவம்தான் காரணமா?

தாமரைக்குளம்:
ஆண் குழந்தை, இப்போது ஏழு மாதம். நிறைமாதத்தில், வேக்வம் (தலையில் ஒட்டி இழுக்கும் உறிஞ்சு கிண்ணம்) போட்டு எடுத்தது. பிறந்ததும் அழவில்லை, இரண்டாம் நாள் வலிப்பு, 11 நாள் என்ஐசியு (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு). இன்னும் தலை நிற்கவில்லை. கைவிரல்கள் மூடியே இருக்கின்றன, தூக்கினால் கால்கள் கத்தரி போலப் பின்னிக்கொள்கின்றன. மூளை முடக்குவாதம் (சிபி) என்கிறார் டாக்டர். வேக்வம்தான் மூளையை நசுக்கிவிட்டது என்கிறார்கள் வீட்டில். காரணம் எந்தக் காகிதத்தில் தெரியும்? வீட்டில் என்ன செய்யலாம்?

வார்டு_நம்பர்_4:
வேக்வத்தால் வரும் உச்சந்தலை வீக்கம் பெரும்பாலும் மண்டையோட்டுக்கு வெளியேதான். அரிதாக உள்ளே ரத்தம் கசியும்; கசிந்திருந்தால் ஸ்கேன் காட்டிவிடும். ஒன்றை யோசியுங்கள்: குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியதால்தான் அவசரமாக வேக்வமே போட்டிருக்கலாம். அப்படியானால் வேக்வம் விளைவு, காரணம் அல்ல.

'தாமதமாக அழுதது' மட்டும் சான்றாகாது. பார்க்க வேண்டியவை: 5, 10 நிமிட ஆப்கார் மதிப்பெண் (துடிப்பு, மூச்சு, நிறம் முதலியவற்றைப் பார்த்துப் பத்துக்குப் போடுவது) இரண்டும் 5க்குக் கீழா, தொப்புள்கொடித் தமனி ரத்தத்தில் பிஎச் 7.0க்குக் கீழா, அல்லது பேஸ் டெஃபிசிட் 12 அல்லது அதற்கு மேலா (இரண்டும் ரத்தத்தில் அமிலம் ஏறியதைக் காட்டும்). முதல் நாளே குழந்தை துவண்டு, பால் இழுக்காமல் இருந்ததா. அடுத்தது எம்ஆர்ஐ. மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்க்லியா, தாலமஸ் பகுதிகள் இரண்டு பக்கமும் அடிபட்டிருந்தால், திடீரென ஆக்ஸிஜன் அறவே நின்றதன் அடையாளம். பெரிய ரத்தக்குழாய்களின் எல்லைப் பகுதிகளில் சேதம் என்றால், நெடுநேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. பிவிஎல் (மூளை அறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதியில் சேதம்) என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் குறைமாதக் குழந்தையின் கதை.

1861இல் லண்டனில் வில்லியம் லிட்டில் கஷ்டப் பிரசவத்தைக் காரணம் காட்டினார். 1897இல் ஃப்ராய்ட் (ஆமாம், அதே மனநல ஃப்ராய்ட்தான்) மறுத்தார்: வயிற்றிலேயே பழுதான குழந்தைக்குப் பிரசவமும் கஷ்டமாகலாமே என்று. அந்த வழக்கு இன்னும் முழுதாக முடியவில்லை.

நீலமலர்:
மேலே சொன்னது சரி, ஆனால் கொடி ரத்தப் பரிசோதனையை நம்மூரில் பல இடங்களில் எடுப்பதே இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எச்ஐஇ (ஆக்ஸிஜன் குறைவால் மூளை பாதிப்பு) ஸ்டேஜ் 2' அல்லது '3' என்று இருக்கிறதா பாருங்கள். கூடவே பிலிருபின் (மஞ்சள்காமாலை தரும் நிறமி) அளவையும். கடும் மஞ்சள்காமாலையும் சிபி தரும். அதில் கைகால்கள் விறைப்பதைவிட முறுக்கிக்கொள்வதுதான் அதிகம், காதும் பாதிக்கும். எப்படியானாலும் பெரா காது டெஸ்ட்டும் (ஒலிக்கு மூளை நரம்பு எதிர்வினை காட்டுகிறதா என்று பார்ப்பது) கண் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள்.

கோப்புக்கட்டு:
சம்மரியோடு நிற்காதீர்கள். பார்ட்டோகிராஃப் (பிரசவ முன்னேற்ற வரைபடம்), சிடிஜி பட்டை (குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு), பிரசவ அறைக் குறிப்பு, என்ஐசியு சார்ட் நான்கையும் எழுத்து மூலம் கேட்டு, நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். அதே விதிப்படி ஆவணங்களை 3 வருடம் வைத்திருந்தால் போதும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். நுகர்வோர் வழக்குக்குக் கெடு 2 வருடம்.

கைத்தாங்கல்:
காரணம் தேடுவது ஒரு பக்கம் நடக்கட்டும், பிசியோவுக்கு அது தெரியவேண்டியதில்லை. இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

பின்னும் கால்களைக் கணுக்காலைப் பிடித்து இழுத்துப் பிரித்தால் இன்னும் இறுகும். தொடையை, முழங்காலுக்கு மேலே, பிடித்து மெதுவாக மடக்கி அகற்றுங்கள். நம் பாட்டிமார் போல இடுப்பில் இரு பக்கமும் கால் போட்டுத் தூக்குவதுதான் இந்தக் குழந்தைக்குச் சரியான தூக்கு. மூடிய விரல்களை நெம்பாதீர்கள்; மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கம் மடக்கினால் விரல்கள் தாமாக இளகும், அப்போது கட்டைவிரலை அதன் அடிப்பகுதியில் பிடித்து வெளியே எடுங்கள். பாலாடையில் கொடுத்தால் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைச் சற்றே தாழ்த்திக் கொடுங்கள்.

ஒரு வயதைத் தாண்டியதும் இடுப்பு எக்ஸ்ரே எடுங்கள். வலிக்காமலே தொடை எலும்பின் தலை குழியிலிருந்து நழுவும். 30 சதவீதத்துக்கு மேல் வெளியே வந்திருந்தால் எலும்பு டாக்டரிடம் போகவேண்டும்.

தாமரைக்குளம்:
நன்றி. சக்கரம் வைத்த வாக்கர் வாங்கலாமா? கால் ஊன்றப் பழகும் என்கிறார்கள்.

கைத்தாங்கல்:
வேண்டாம். அதில் நுனிக்காலால் தள்ளியே பழகும், கெண்டைக்கால் இன்னும் இறுகும். முதலில் குப்புறப் போட்டு, நெஞ்சுக்கடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். பால் குடித்த உடனே வேண்டாம். விழித்திருக்கும்போது ஐந்து ஐந்து நிமிடமாக, ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. தலை நிற்கட்டும்.