மிதியா, தாள்மிதியா, பெடலேவா?

நண்பர்களே, அவசரம். டிரம்ஸ் கத்துக்கிறவங்களுக்கான கையேடு ஒண்ணு தமிழாக்கம் பண்ணிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாகணும், பேஸ் டிரம் (தரையில நிக்க வெச்சு காலால வாசிக்கிற பெரிய முரசு) பெடல்ல வந்து மாட்டிக்கிட்டேன். பலகைய காலால அமுக்கினா அதோட முனையில கோத்த செயின் மேல இருக்கிற காமை (தண்டுல மாட்டின சின்ன உருளை) இழுக்குது, காம் தண்டைத் திருப்புது, தண்டுல நிக்கிற பீட்டர் (முரசை அடிக்கிற குறுங்கோல்) போய் தோல்ல அடிக்குது, கால தளர்த்தினா ஸ்பிரிங் பின்னால இழுத்துக்குது. பெடலுக்கு "மிதிப்பான்"னு போட்டிருக்கேன், சரியா? பீட்டருக்கு என்ன?

---

மிதிப்பான்னா மிதிக்கிறவன் தம்பி. துடைக்கிறது துடைப்பான், சரி. இது மிதிபடுறதாச்சே! "தாள்மிதி"ன்னு வைங்க. தாள்னா பாதம், வள்ளுவர் ரெண்டாம் குறள்லயே "நற்றாள்"ங்கிறார். தாள்லேர்ந்துதான் தாளமே வந்துச்சுன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம், வடசொல்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும். பீட்டருக்கு ஏன் புதுசா தேடணும்? முரசு அறையிற குறுந்தடிக்கு சங்கப் பாட்டுலயே "கடிப்பு"ன்னு பேர் இருக்கு.

---

ஐயா, இன்னிக்குத் தாள்னா பேப்பர்தான். கடிப்புன்னா பல்லுதான் ஞாபகம் வரும். வாசிக்கிறவன் சொல்றேன், எங்களுக்குள்ள பெடல், பீட்டர், அவ்ளோதான்.

அதோட மிதிக்கிறது பாதி வேலைதான். குதிகால பலகையில ஊன்றி கணுக்கால மட்டும் அசைச்சா மெதுவான அடி, குதிகால தூக்கி முழுக்காலையும் எறக்கினா பலமான அடி. அடிச்ச பீட்டர தோல்லயே அழுத்தி வெச்சா சத்தம் சட்டுனு அடங்கும், உடனே விட்டா தோல் அதிர்ந்து நீளும். ஸ்பிரிங்க ரொம்ப முறுக்கினா பீட்டர் வேகமா திரும்பும், கால்தான் சீக்கிரம் ஓய்ஞ்சுடும்.

---

> மிதிக்கிறது பாதி வேலைதான்

அப்ப "மிதிமீட்டி"? மிதிச்சா மீளுது, வாத்தியத்தை மீட்டுறதும் வந்துடுச்சு, சிலேடை!

---

வீணைய மீட்டலாம், முரசை மீட்ட முடியாது.

ஒரு விஷயம், பெடல் பரவுறதுக்கு முன்னாடி ஒரே ஆள் ஸ்னேர்ங்கிற சின்ன முரசையும் பேஸ் டிரம்மையும் பக்கத்துல வெச்சு குச்சியாலயே மாத்தி மாத்தி அடிச்சிருக்காங்க. லுட்விக் கம்பெனி 1909ல ஆரம்பிச்சதே ஒரு பெடல நம்பித்தான்.

---

கிளைக்கதை அப்புறம் அண்ணே. டபுள் பெடல்ல ஹை-ஹேட் (இடது காலால இயக்குற ஜோடித் தட்டு) பக்கம் இருக்கிற ரெண்டாவது பெடல இங்கிலீஷ்ல ஸ்லேவ்னு சொல்றாங்க, இடது கால் அமுக்கினா ஒரு இணைப்புத்தண்டு வழியா வலது கால் பெடல்ல இருக்கிற ரெண்டாவது பீட்டர் அடிக்கும். "அடிமை மிதி"ன்னு எழுத எனக்குக் கை வரல.

---

துணைமிதி. இதுலயாவது சண்டை வேண்டாமே.

---

சரி, பெடலுக்கு வெறும் "மிதி"ன்னே வெச்சுக்கிறேன், மிதிவண்டி இருக்கிறதால யாருக்கும் புரியும். பீட்டர் பீட்டராவே இருக்கட்டும். டபுள் பெடல் இரட்டை மிதி, ஸ்லேவ் துணைமிதி. காமுக்கு "கோணுருளை"ன்னு போட்டு அனுப்பிடறேன்.

---

அது எப்படி? கோணல் காம் அடி முடியிற நேரத்துல வேகமெடுக்கும், வட்டக் காம் கடைசிவரை ஒரே சீரா இழுக்கும், ரெண்டும் கடையில கிடைக்குது. வட்டமா இருக்கிறத கோணுருளைன்னு எழுதினா படிக்கிறவன் என்ன வாங்குவான்?

---

கடிப்பை விட்டுட்டு பீட்டர்னே அச்சுல ஏத்துறதுக்கு என் எதிர்ப்பைப் பதிவு பண்ணிக்கோங்க. உருளைக்கு நாளைக்குக் காலையில எழுதறேன்.