குளிச்ச 3 நிமிஷத்துல லோஷனா? யாரு போட்ட கணக்கு இது?

செந்தூல் மாமா:
நேத்து இங்க ஒரு புள்ள எழுதியிருக்கு, "குளிச்ச 3 நிமிஷத்துக்குள்ள லோஷன் பூசலைன்னா பூசாததுக்குச் சமம்"னு. வாசிச்சதும் சுர்ருன்னு ஏறிடுச்சு. மெகி மீ நூடுல்ஸ் ஆக்குறோமா என்ன? துவட்டி, திருநீறு பூசி, சாமி கும்பிட்டு வரவே எனக்குப் பத்து நிமிஷம். 62 வயசாச்சு, லோஷனைத் தொட்டதில்ல. கோலாலம்பூர் காத்தைப் பிழிஞ்சா தண்ணி வரும். இதுல தோலுக்குத் தனியா ஈரமாம்!

ஜெலுத்தோங் வாசுகி:
அந்தப் புள்ள நான்தான் மாமா, பேரைச் சொல்லியே திட்டலாம். காத்துல ஈரம் இருக்கு, சரி. நாம இருக்கிறது காத்துலயா, ஏர்கோன்லயா? ஏர்கோன் குழாயில சொட்டுற தண்ணி அறைக் காத்துலேர்ந்து எடுத்ததுதான். அப்புறம் அந்தக் காஞ்ச காத்து நம்ம தோலைக் காய வைக்கும். லோஷன்ல உள்ள கிளிசரின் தண்ணியப் பிடிச்சு வைக்குது, எண்ணெய்ப் பசை மேல மூடி போடுது. உடம்பு ஈரமா இருக்கிறப்பவே மூடணும். அதுக்குத்தான் 3 நிமிஷம்.

செந்தூல் மாமா:
ஏர்கோன் பாடம் யாரு கேட்டா? நாலாவது நிமிஷம் பூசினா என்ன ஆகும்? தோல் கதவைச் சாத்திடுமா?

பிரிக்பீல்ட்ஸ் பையன்:
மாமா, எக்சிமாங்கிற தோல் அரிப்பு நோய் உள்ளவங்களுக்குத் தோல் டாக்டருங்க சொல்ற பேச்சு அது. முன்னப்பின்ன ஆனாலும் உடம்புல ஈரம் இருந்தா சரிதான்.

செந்தூல் மாமா:
பாத்தீங்களா! 3 இல்லன்னு பையனே ஒத்துக்கிட்டான்.

பிரிக்பீல்ட்ஸ் பையன்:
நான் எங்க ஒத்துக்கிட்டேன்?

தாப்பா தோட்டத்துப் பிள்ளை:
எங்க பாட்டி ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. தேங்காயெண்ணெய் மட்டும்தான், தோல் பளபளன்னு இருக்கும். அந்தக் காலத்துல யாரு இந்த டப்பா சாமானை வாங்கினா?

பிரிக்பீல்ட்ஸ் பையன்:
அந்தக் காலமா? வேசலினுக்கு அமெரிக்காவுல 1872லயே பேட்டன்ட் வாங்கிட்டாங்கண்ணே.

தாப்பா தோட்டத்துப் பிள்ளை:
நீ பேசாதலா. போன தீபாவளிக்கு நீ வித்த வெள்ளையாக்குற க்ரீம்ல அரசாங்கத்துல பதிவு செஞ்ச நோட் நம்பரே இல்ல. என் தங்கச்சி மூஞ்சி தோல் உரிஞ்சு ஒரு மாசம் முக்காடு போட்டுக்கிட்டுத் திரிஞ்சா.

பிரிக்பீல்ட்ஸ் பையன்:
அது என் மச்சான் வித்தது. நூறு தடவ சொல்லியாச்சு.

ஜெலுத்தோங் வாசுகி:
யாரு வித்தா என்ன? நோட் நம்பர் இல்லாத க்ரீம்ல பாதரசம் இருக்கலாம், அதைத் தொடவே கூடாது. தேங்காயெண்ணெய் நல்லதுதான் அண்ணே, ஆனா அது மூடி மட்டும் போடும், தண்ணியை இழுக்காது. அதையும் ஈர உடம்புலதான் தேய்க்கணும்.

செந்தூல் மாமா:
ஓ, தேங்காயெண்ணெய்க்கும் 3 நிமிஷமா? உங்க பினாங்குல கடிகாரம் ரொம்ப மலிவோ?

ஜெலுத்தோங் வாசுகி:
பினாங்கை இழுக்காதீங்க. உங்க ஊர் நாசி கண்டார் சோத்தைப் பத்தி நான் வாயத் தொறந்தேனா? உங்களுக்கு இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதின்னு நீங்களேதான் எழுதினீங்க. குதிகால் வெடிப்புக்கு யூரியா போட்ட க்ரீம் பூசுங்க. விரல் இடுக்குல மட்டும் வேணாம், ஈரம் தங்கினா பூஞ்சை பிடிக்கும்.

செந்தூல் மாமா:
யூரியாவா! மரத்துக்குப் போடுற உரத்தை என் கால்ல பூசச் சொல்றியா?

தாப்பா தோட்டத்துப் பிள்ளை:
மூட்டை மூட்டையா நான் தூக்கியிருக்கேன் மாமா. உரமேதான்.

ஜெலுத்தோங் வாசுகி:
நம்ம தோல்லயே யூரியா இருக்கு. யாருகிட்ட சொல்றேன் நான்!

செந்தூல் மாமா:
இன்னிக்குக் காலையில கடிகாரம் வெச்சே பாத்தேன். முதுகு துவட்டி முடிக்கவே 4 நிமிஷம் 10 செகண்ட். இப்ப என்ன சொல்றே?

ஜெலுத்தோங் வாசுகி:
அப்ப கையில லோஷன் இருந்துச்சா மாமா?

செந்தூல் மாமா:
அது மருமக வாங்கினது. பேச்சை மாத்தாத. 3ஆ, 4ஆ?