பல இயங்குதளங்கள் உள்ள கணினி: பார்ட்டிஷனுக்குப் பெயர் வைப்பதா, யூயூஐடியே போதுமா?

வட்டுக்காரன்

ஒரே கணினியில் விண்டோஸ், உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று நான்கையும் வைத்துக்கொண்டு சிக்கலோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது வட்டுப் பட்டியலைத்தான். எடுத்து ஒட்டுவார்கள். என்விஎம்இ0என்1பி5, பி6, பி7 என்று வரிசையாகப் பார்ட்டிஷன்கள், எல்லாமே எக்ஸ்ட்4 (லினக்ஸின் கோப்பு முறைமை). இதில் எது டெபியன் என்று கேட்டால், "50 ஜிபி இருப்பது" என்று பதில் வரும். பார்த்தால் மூன்றுமே 50 ஜிபி.

ஃபார்மட் செய்யும்போதே லேபிள், அதாவது நாம் வைக்கும் பெயர், எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதற்கும் இப்போதே எழுதலாம். எக்ஸ்ட்4 என்றால் 'இ2லேபிள்' கட்டளை ஒரு வரி. மவுண்ட் ஆகி, அதாவது பயன்பாட்டில், இருக்கும்போதே மாற்றலாம், உள்ளே இருக்கும் கோப்புகளை அது தொடாது. எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை என்றால் அன்மவுண்ட் செய்துவிட்டு மாற்றுவது வழக்கம். கட்டளை பயமாக இருந்தால் ஜிபார்ட்டெட் என்ற வரைகலைக் கருவியில் வலது கிளிக்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், சிலருக்குப் பிடிக்காது. எந்தப் பார்ட்டிஷனை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் 'யூயூஐடி=' (ஃபார்மட் செய்யும்போது தானாக உருவாகும் அடையாள எண்) என்று தொடங்கும் வரிகளை எடுத்துவிட்டு 'லேபிள்=' என்று எழுதுங்கள். 36 எழுத்து எண்வரிசையைப் பார்த்து எந்த மனிதனுக்கும் ஒன்றும் புரியாது. கணினி பூட் ஆகாமல் லைவ் யுஎஸ்பியில் உட்கார்ந்து அந்தக் கோப்பைத் திறக்கும்போது, 'லேபிள்=டெப்_ஹோம்' என்று இருந்தால் அடுத்து என்ன செய்வதென்று உடனே தெரியும்.

நிலைக்குறி

முதல் பாதிக்கு ஆமாம். இரண்டாம் பாதிக்குக் கண்டிப்பாக இல்லை.

எஃப்எஸ்டேப்பில் லேபிளை நம்புவது புது யோசனை இல்லை அண்ணா, உலகம் செய்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தது. பழைய ரெட் ஹாட் வெளியீடுகளில் நிறுவியே ரூட் பார்ட்டிஷனுக்கு (இயங்குதளம் இருக்கும் இடம்) '/' என்றும் பூட்டுக்கு '/பூட்' என்றும் லேபிள் எழுதி, எஃப்எஸ்டேப்பிலும் அதையே போட்டுவிடும். ஒரு வட்டு இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. வேறொரு ரெட் ஹாட் கணினியின் வட்டைக் கழற்றி இதில் மாட்டிப் பாருங்கள்: இரண்டு '/'. எதை ரூட்டாக ஏற்றுவது? ஒரே கணினியில் இரண்டாவது முறை நிறுவினால் '/1' என்று எழுதிச் சமாளித்தார்கள். உபுண்டு 2006-ல் வந்த 6.10-லேயே யூயூஐடிக்குப் போய்விட்டது. ஐடிஇ வட்டுகள் எச்டிஏ என்ற பெயரை விட்டு எஸ்டிஏ ஆக மாறிக்கொண்டிருந்த காலம் அது. எச்டிஏ1 போன்ற வட்டுப் பெயரை நம்பியவர்களின் கணினிதான் பூட் ஆகாமல் நின்றது.

இரண்டு பார்ட்டிஷனுக்கு ஒரே லேபிள் இருந்தால் லினக்ஸ் தப்பு என்று சொல்லாது. இரண்டில் ஒன்றுக்கு இணைப்பைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். எது என்பது அன்றைக்கு எந்த வட்டு எந்த வரிசையில் கண்ணில் பட்டதோ அதைப் பொறுத்தது. 'ஹோம்' என்ற லேபிளோடு யாராவது ஒரு பென் டிரைவைச் செருகிவைத்துக் கணினியை ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வட்டுக்காரன்

'ஹோம்' என்று எவன் வைக்கச் சொன்னான்? '/' என்று வைத்தது ரெட் ஹாட்டின் சோம்பேறித்தனம், லேபிளின் குற்றம் இல்லை. என் கணினியில் 'டெப்_ஹோம்' என்று இருக்கிறது. கடையில் வாங்கும் எந்தப் பென் டிரைவும் அந்தப் பெயரோடு வருவதில்லை.

யூயூஐடி தனித்துவமானது என்கிறீர்கள். வட்டை அப்படியே டிடி கட்டளையால் நகல் எடுங்கள். லேபிளும் இரட்டை, யூயூஐடியும் இரட்டை. புது எஸ்எஸ்டிக்கு மாறுபவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. எக்ஸ்எஃப்எஸ்ஸாவது ஒரே யூயூஐடி இரண்டாம் முறை வந்தால் மவுண்ட் செய்ய மறுத்து நம்மை எச்சரிக்கும். பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அந்த இரட்டையை வைத்துக்கொண்டு விளையாடினால் தரவே கெட்டுப்போகலாம்.

மூன்றாம்பூட்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் பிரச்சினை இதில் சேருமா என்று பாருங்கள். விண்டோஸ் 11, உபுண்டு இரண்டும் ஒழுங்காக இருந்தன. பக்கத்தில் இன்னொரு லினக்ஸைப் போட்டேன். அதிலிருந்து உபுண்டு ஏற ஒன்றரை நிமிடம் கூடுதலாக ஆகிறது. கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வட்டுக்காகக் காத்திருப்பதாக வருகிறது, பிறகு தானாக ஏறிவிடுகிறது. புது லினக்ஸ் வேகமாகத்தான் ஏறுகிறது.

நிலைக்குறி

ஸ்வாப். நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் ஒரே ஸ்வாப் பார்ட்டிஷனை இரண்டு லினக்ஸும் பங்கிட்டுக்கொள்கின்றன. புதிதாக நிறுவியது அதைக் கேட்காமல் மறுபடி ஃபார்மட் செய்துவிட்டது, யூயூஐடி மாறிவிட்டது. உபுண்டுவின் எஃப்எஸ்டேப்பில் பழைய எண் இருக்கிறது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அந்த எண்ணுக்காக 90 நொடி காத்திருந்துவிட்டுக் கைவிடுகிறது. புது எண்ணைப் பார்த்து எஃப்எஸ்டேப்பில் மாற்றுங்கள். அதோடு விடாதீர்கள்: உபுண்டுவிலும் டெபியனிலும் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) அமைப்புகளுக்குள் 'ரெஸ்யூம்' என்றொரு சின்னக் கோப்பு இருக்கலாம், அதிலும் அதே பழைய எண்தான் இருக்கும். மாற்றிவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள்.

அப்புறம், ஸ்வாப்பைப் பங்கிடுவதாக இருந்தால் ஹைபர்னேட் பக்கமே போகக் கூடாது. ஒன்றைத் தூங்கவைத்துவிட்டு மற்றதை ஏற்றினால், தூங்கியது அங்கே எழுதிவைத்த நினைவகப் படம் போய்விடும்.

வட்டுக்காரன்

ஆக, யூயூஐடி நிலையானது இல்லை என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். நன்றி.

நிலைக்குறி

அவசரப்படாதீர்கள். ஸ்வாப்பை மறுபடி ஃபார்மட் செய்த நிறுவி உங்கள் லேபிளை மட்டும் விட்டுவைத்திருக்குமா? இரண்டும் ஒரே தலைப்பகுதியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று போனால் மற்றதும் போகும். 'லேபிள்=ஸ்வாப்' என்று எழுதியிருந்தாலும் அதே ஒன்றரை நிமிடம்தான்.

ரோம்_பொடியன்

இருவரும் ஒரே இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பெயர் எழுத இரண்டு இடம் இருக்கிறது.

ஒன்று கோப்பு முறைமைக்குள்ளே இருப்பது. எக்ஸ்ட்4, என்டிஎஃப்எஸ், ஃபேட் என்று ஒவ்வொன்றும் தனக்குள் எழுதிக்கொள்வது. ஃபார்மட் செய்தால் அழியும். இன்னொன்று ஜிபிடி என்ற புதுவகைப் பார்ட்டிஷன் அட்டவணையில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் எதிரே இருக்கும் பெயர்க்கட்டம். அது பார்ட்டிஷனுக்கு வெளியே, வட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. கடைசியில் ஒரு நகலும் உண்டு. உள்ளே எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அது அப்படியே நிற்கும். எஃப்எஸ்டேப்பில் 'பார்ட்லேபிள்=' என்று எழுதினால் லினக்ஸ் அதைப் பார்த்து எடுத்துக்கொள்ளும். ஸ்வாப்புக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நான் ஆண்ட்ராய்டு ரோம்களோடு (கைப்பேசி இயங்குதளத் தொகுப்புகள்) மல்லுக்கட்டுகிறவன். கைப்பேசிக்குள் பல டஜன் பார்ட்டிஷன்கள் இருக்கும். யாரும் எண்ணை வைத்துப் பேசுவதில்லை, எல்லாம் பெயர்தான். 2016-ல் ஆண்ட்ராய்டு 7.0 கொண்டுவந்த முறையில் பூட்_ஏ, பூட்_பி, சிஸ்டம்_ஏ, சிஸ்டம்_பி என்று இரட்டை இரட்டையாக இருக்கும். ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றதில் புதுப்பிப்பை எழுதிவிட்டு மாறிக்கொள்ளும். உங்கள் பையில் இருக்கும் கருவி இந்த அட்டவணைப் பெயரை நம்பித்தான் தினமும் ஏறுகிறது.

நிலைக்குறி

இது பேசத் தகுந்த வாதம். ஆனால் மூன்றாம்பூட்டின் கணினியில் இப்போதே பார்ட்லேபிள்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். விண்டோஸ் தான் உருவாக்கும் ஒவ்வொரு தரவுப் பார்ட்டிஷனுக்கும் அட்டவணையில் 'பேசிக் டேட்டா பார்ட்டிஷன்' என்று ஒரே பெயரைத்தான் எழுதுகிறது. சி-க்கும் அதுவே, டி-க்கும் அதுவே. லினக்ஸில் அந்தப் பெயரால் போட்டால் எது வரும்?

பழைய எம்பிஆர் வகை அட்டவணை உள்ள வட்டாக இருந்தால் பேச்சே இல்லை, அதில் பெயர்க்கட்டம் கிடையாது. ஜிபிடியிலும் நிறுவி பழைய பார்ட்டிஷனை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கினால் பெயர் காலிதான்.

ரோம்_பொடியன்

பெயரை மாற்றலாமே. ஜிடிஸ்க் கருவியில் 'சி' என்று தட்டி, எண்ணைச் சொல்லி, புதுப் பெயர் எழுதி, 'டபிள்யூ' தட்டிச் சேமித்தால் போதும். விண்டோஸ் அந்தப் பெயரைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. என்ன வகைப் பார்ட்டிஷன் என்று சொல்லும் வகைக்குறியீட்டைத்தான் பார்க்கிறது.

ஜன்னல்வாசி

அந்த வகைக்குறியீட்டைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நான் பெரும்பாலும் விண்டோஸில் இருப்பவன். நீங்கள் மூவரும் லினக்ஸுக்குள் நின்றுகொண்டே சண்டை போடுகிறீர்கள்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் எக்ஸ்ட்4 பார்ட்டிஷன்கள் எல்லாம் பெயரில்லாத நீலக் கட்டங்கள். நீங்கள் உள்ளே எழுதிய லேபிளும் தெரியாது, அட்டவணையில் எழுதிய பெயரும் தெரியாது. வலது கிளிக் செய்தால் 'டிலீட் வால்யூம்' மட்டும் தயாராக நிற்கும். இழப்புகள் நடப்பது இந்தத் திரையில்தான். இங்கே அளவு ஒன்றுதான் அடையாளம்.

ஒரு காலத்தில் இது இன்னும் மோசம். ஜிபிடியில் லினக்ஸுக்கென்று தனி வகைக்குறியீடு புழக்கத்துக்கு வருவதற்கு முன், லினக்ஸ் கருவிகளும் மைக்ரோசாஃப்ட்டின் தரவுப் பார்ட்டிஷன் குறியீட்டையே போட்டன. விண்டோஸ் அதற்கு டி:, இ: போல ஓர் எழுத்தைக் கொடுக்கும். திறந்தால் 'ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று பணிவாகக் கேட்கும். அப்படி உருவான பழைய வட்டுகள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன. ஜிடிஸ்க்கில் குறியீட்டை லினக்ஸுக்கான 8300-க்கு மாற்றினால் அந்தக் கேள்வி வராது. தரவு அழியாது, எழுத்துதான் போகும்.

அதனால் நான் செய்வது என்ன? அளவையே பெயராக்குகிறேன். உபுண்டு 61 ஜிபி, டெபியன் 52 ஜிபி, ஃபெடோரா 73 ஜிபி. எந்த ஓஎஸ்ஸிலிருந்து பார்த்தாலும், எந்த நிறுவியில் பார்த்தாலும் இந்த எண் தெரியும்.

வட்டுக்காரன்

அளவைப் பெயராக்கும் தந்திரம் அசத்தல். நிறுவிகளில் சில லேபிளைக் காட்டும், சில காட்டாது. அளவைக் காட்டாத நிறுவியை நான் பார்த்ததில்லை.

மூன்றாம்பூட்

ஒன்றரை நிமிடம் போய்விட்டது, நன்றி! இப்போது பெயர் வைக்கப் போகிறேன். தமிழிலேயே வைக்கலாமா?

ரோம்_பொடியன்

எங்கே என்பதைப் பொறுத்தது. எக்ஸ்ட்4 லேபிளுக்கு 16 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் தின்னும். உயிர்மெய்யில் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். 'வீடு' நான்கு குறி, 12 பைட், உட்காரும். 'தமிழ்' 15, மயிரிழையில் உட்காரும். 'உபுண்டு' 21, உட்காராது. மீதியை வெட்டிவிடும், வெட்டு ஓர் எழுத்தின் நடுவில்கூட விழலாம். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு 12, ஃபேட்டுக்கு 11 என்பதால் அங்கே இன்னும் நெருக்கடி. என்டிஎஃப்எஸ்ஸில் 32, ஜிபிடி அட்டவணையில் 36. இவை இரண்டும் யூடிஎஃப்-16-ல் எண்ணுவதால் தமிழுக்குத் தண்டனை இல்லை, ஒரு குறிக்கு ஓர் இடம்தான்.

நிலைக்குறி

இடம் இருந்தாலும் வேண்டாம் தம்பி. மீட்பு முறையில் வரும் வெறும் கன்சோலில் தமிழ் எழுத்துரு கிடையாது, எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். பெயர் உனக்கு மிகவும் தேவைப்படும் நேரமே அதுதான். விண்டோஸும் லினக்ஸும் எழுதிப் பகிரும் என்டிஎஃப்எஸ் தரவுப் பார்ட்டிஷனுக்குத் தாராளமாகத் தமிழில் வை. பூட்டோடு சம்பந்தப்பட்டதற்கு ஆங்கிலச் சிற்றெழுத்து, இடைவெளி இல்லாமல். இடைவெளி விட்டால் எஃப்எஸ்டேப்பில் அதற்குப் பதிலாகப் பின்சாய்கோடும் 040-ம் எழுத வேண்டியிருக்கும்.

வட்டுக்காரன்

'உபுண்டு2404' என்று பதிப்பு எண்ணையும் சேர்த்துக்கொள். ஒரே கணினியில் இரண்டு உபுண்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஜன்னல்வாசி

சேர்க்காதே. அடுத்த எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு மேம்படுத்துவாய், பெயர் பொய்யாகிவிடும். பிறகு அதை மாற்ற எஃப்எஸ்டேப்பையும் தொட வேண்டும்.

வட்டுக்காரன்

மேம்படுத்துகிறவனுக்கு அது. நான் எப்போதும் புதிதாகத்தான் நிறுவுவேன், பழையது பக்கத்தில் அப்படியே இருக்கும்.

நிலைக்குறி

இரண்டு உபுண்டு வைத்தால் பார்ட்டிஷன் பெயர் எதுவாக இருந்தாலும் பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இரண்டும் 'உபுண்டு' என்ற ஒரே கோப்புறையில்தான் எழுதும். பின்னால் வந்தது முன்னதன் கிரப்பை, அதாவது பூட் பட்டியலைக் காட்டும் நிரலை, மேலெழுதிவிடும். முதலில் அதற்கு ஒரு வழி செய்துவிட்டு லேபிளுக்கு வாருங்கள்.

ரோம்_பொடியன்

கிரப் பட்டியலிலும் லேபிள் தெரியாது. மற்ற ஓஎஸ்களை அது பார்ட்டிஷன் எண்ணோடுதான் காட்டும். 2.06-லிருந்து மற்றவற்றைத் தேடுவதே முன்னிருப்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அமைப்பில் போய்த் திறந்துவிட வேண்டும்.

மூன்றாம்பூட்

இப்படிச் செய்தேன். அட்டவணைப் பெயர்கள்: வின்_சி, உபு_ரூட், உபு_ஹோம், இரண்டாம்_ரூட், ஸ்வாப்_பொது, எல்லாம் ஆங்கில எழுத்தில். தரவுப் பார்ட்டிஷனுக்கு என்டிஎஃப்எஸ் லேபிள் 'தரவு'. எஃப்எஸ்டேப்பில் ரூட்டும் ஹோமும் யூயூஐடியாகவே இருக்கின்றன, மேலே ஒரு கருத்து வரியில் பெயர் எழுதியிருக்கிறேன். ஸ்வாப்புக்கு மட்டும் 'பார்ட்லேபிள்='. யாருக்கும் ஆட்சேபம் உண்டா?

வட்டுக்காரன்

கருத்து வரியும் யூயூஐடியும் என்றால் இரண்டு இடத்தில் ஒரே செய்தி. ஒன்றை மாற்றுவாய், மற்றதை மறப்பாய். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நிலைக்குறி

நான் ஒப்புக்கொள்கிறேன். தரவுப் பார்ட்டிஷன் வரியில் 'நோஃபெயில்' சேர்த்துவிடு; அது காணாமல் போனாலும் பூட் நிற்காது. ரீபூட் செய்வதற்கு முன் ஃபைண்ட்மவுண்ட் கட்டளையை 'வெரிஃபை' சேர்த்து ஒருமுறை ஓட்டு, எந்த வரியில் தப்பு என்று அதுவே சொல்லும்.