என்இசி வந்த குறைமாதக் குழந்தை, தினசரி சிஆர்பி: புதுப்பிப்பு

28 வாரத்தில் பிறந்த தங்கை மகனுக்கு என்இசி, அதாவது குடல் சுவர் அழுகும் நோய். சிஆர்பி (உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்), தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) எல்லாம் தினமும் பார்க்கிறார்களே, எதைக் கவனிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பையன் வீட்டுக்கு வந்துவிட்டான், ஆபரேஷன் தேவைப்படவில்லை.

"ஒருநாள் எண்ணைப் பார்க்காதீங்க, ஏறுதா இறங்குதான்னு பாருங்க" என்று ஒரு நர்ஸ் அக்கா எழுதியதுதான் கைகொடுத்தது. வயிறு உப்பி, எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள் காற்று தெரிந்த அன்றைக்கு சிஆர்பி நார்மல், எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அது ஏறவே 12 முதல் 24 மணி நேரம் பிடிக்குமாம், மறுநாள் எகிறிவிட்டது. தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போனபோதுதான் டாக்டர்கள் அடிக்கடி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். பாலை நிறுத்தி, ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகு முதலில் தட்டணு ஏறியது, சிஆர்பி மெல்ல இறங்கியது. இறங்காமல் நின்றால் சீழ், குடல் சுருக்கம் (குடல் ஓரிடத்தில் குறுகிப்போவது) இருக்கிறதா என்று தேடுவார்களாம்.

எதிர்பாராதது ஒன்று: சோதனைக்கு எடுத்த ரத்தமே சோகையைக் கூட்டிவிட்டது. ஒரு கிலோ குழந்தைக்கு மொத்த ரத்தமே 80, 90 மில்லிதான், கடைசியில் ரத்தம் ஏற்றினார்கள். அப்புறம், சுருக்கம் பல வாரம் கழித்தும் வரலாம் என்பதால் வாந்தியோ வயிறு உப்பலோ வந்தால் உடனே தூக்கிவரச் சொல்லியிருக்கிறார்கள்.